காய்ச்சலோட பள்ளிக்கு வர்ற பிள்ளைங்க: அடுத்த ஃப்ளூ அலைக்கு நம்ம பள்ளிக்கூடம் தயாரா?

காட்பாடி_டீச்சர் (திங்கள், இரவு 9.40)

எல்லாருக்கும் வணக்கம். காட்பாடி பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில ஆறாம் வகுப்பு எடுக்கறேன். போன வருஷம் மழை மாசத்துல நடந்தது இன்னும் மனசை விட்டுப் போகல. அதை இங்க எழுதினா யாராவது வழி சொல்வீங்கன்னு நம்பி எழுதறேன்.

செவ்வாய்க்கிழமை 3 பேர் வரல. புதன் 5. வியாழன் 9. வகுப்புல மொத்தமே 36 பேர். தினமும் காலையில செல்லுல ஆப்பைத் திறந்து வருகைப்பதிவு போட்டது நான்தான். வந்தாங்களா வரலையான்னு போட்டேன், ஏன் வரலன்னு கேக்கல. நாலாம் வகுப்புலயும் அதே வாரத்துல 6 பேர் வரலைன்னு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்துல பேச்சோட பேச்சாத்தான் தெரிஞ்சுது. பாதிப் பேர் என் வகுப்புப் பிள்ளைங்களோட தம்பி, தங்கச்சிங்க.

அந்த புதன்கிழமை ஒரு பொண்ணு பெஞ்சுலயே தலை சாய்ச்சுட்டா. நெத்தியில கை வெச்சா கொதிக்குது. அம்மா ஷூ கம்பெனியில வேலை செய்றாங்க. உள்ள போகும்போதே செல்லை வாங்கி வெச்சுடுவாங்களாம். மதியம் ஒரு மணிக்குத்தான் திருப்பிக் கூப்பிட்டாங்க. "காலையில பாரசிட்டமால் குடுத்துட்டுத்தான் அனுப்பினேன் டீச்சர், லீவு போட்டா ஒரு நாள் கூலி போயிடும்"னு அழுதாங்க. அவங்க மேல எனக்குக் கோபமே வரல. என் மேலதான் வந்துச்சு. நாலு மணி நேரம் அந்தப் பொண்ணை வகுப்புக்குள்ளயே, மத்த பிள்ளைங்களுக்கு நடுவுல படுக்க வெச்சிருந்தேன். வேற எங்க படுக்க வைக்கணும்னு எனக்குத் தெரியல. அவளுக்கு நல்லாயிடுச்சு. பக்கத்துல உட்கார்ந்திருந்த ரெண்டு பேரும் அடுத்த வாரம் வரல.

எத்தனை பேர் வரலைன்னா நான் யாருக்குச் சொல்லணும்? காய்ச்சல் பிள்ளையை எங்க உட்கார வைக்கணும்? பள்ளியை மூடறதா வேண்டாமான்னு யார் முடிவு பண்ணுவாங்க? அன்னைக்கு எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தருக்கும் பதில் தெரியல. இந்த வருஷமும் காலாண்டு விடுமுறை முடிஞ்சு பள்ளி திறந்தாச்சு, மழையும் ஆரம்பிச்சாச்சு.

குடியாத்தம்_அப்பா (திங்கள், இரவு 10.15)

டீச்சர், நீங்க மனசுல உள்ளதை எழுதினதுக்கு நன்றி. என் கருத்து நேரா சொல்றேன். மூடிடணும். பாண்டிச்சேரியில 2023 மார்ச்ல ஃப்ளூ ஏறினப்போ 16ஆம் தேதியிலேர்ந்து 26 வரைக்கும் ஒன்னாவது முதல் எட்டாவது வரைக்கும் லீவு விட்டாங்க. நம்ம பக்கம் விடல, ஊர் ஊரா காய்ச்சல் முகாம்தான் போட்டாங்க. எனக்கு ரெண்டு பசங்க, சின்னவனுக்கு வீசிங் இருக்குது. ஒரு வாரம் படிப்பு போனா போகட்டும், உயிர் போனா வருமா?

விஎச்என்_அக்கா (செவ்வாய், காலை 6.05)

நான் கிராம சுகாதார செவிலியர். 2009ல பன்றிக் காய்ச்சல் வந்தப்பவும் வேலையில இருந்தேன், கோவிட்லயும் இருந்தேன். ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு.

முதல்ல வைரஸைப் பத்திக் கொஞ்சம் சொல்லிடறேன். ஃப்ளூ ஒட்டிக்கிட்ட பிறகு அறிகுறி தெரிய ஒன்னிலேர்ந்து நாலு நாள் ஆகும், பெரும்பாலும் ரெண்டு நாள். காய்ச்சல் வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடியே மத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிச்சுடும், அப்புறம் அஞ்சாறு நாள் பரவும். சின்னப் பிள்ளைங்ககிட்ட இன்னும் சில நாள் கூட. அதனால காய்ச்சல் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிட்டா எல்லாம் நின்னுடும்னு நினைக்கக்கூடாது. ஆனா இருமல், சளி அதிகமா இருக்கற அந்த முதல் மூணு நாள் அவங்க வகுப்புல இல்லாம இருந்தாலே பரவறது நல்லா குறையும்.

எப்போ திரும்ப அனுப்பலாம்னு எல்லா அம்மாவும் கேக்கறாங்க. பாரசிட்டமால் எதுவும் குடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாம இருக்கணும். மாத்திரை குடுத்து இறங்கின காய்ச்சல் கணக்குல சேராது. டீச்சர் சொன்ன பொண்ணுக்கு அதுதான் நடந்திருக்கு. காலையில மாத்திரையில இறங்கி, பதினோரு மணிக்குத் திரும்ப ஏறியிருக்கும்.

இன்னொன்னு, டாக்டர் சொல்லாம பிள்ளைங்களுக்கு ஆஸ்பிரின் குடுக்கவே கூடாது. ஃப்ளூ நேரத்துல அது மூளையையும் ஈரலையும் பாதிக்கற ஆபத்து இருக்கு.

ஓய்வு_ஹெச்எம் (செவ்வாய், காலை 10.30)

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வட ஆற்காடு ஒரே மாவட்டமாக இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தேன். இன்று அதே நிலப்பரப்பு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்டது. காய்ச்சல் இந்த எல்லைகளைப் பார்த்து நிற்பதில்லை. ஆம்பூரில் வேலைக்குப் போகும் தாயின் பிள்ளை பேரணாம்பட்டில் படிக்கும்.

2009 ஜூன் 11ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் பன்றிக் காய்ச்சலைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. ஆகஸ்டு 3ஆம் தேதி புனேயில் ஒரு பள்ளி மாணவி இறந்தாள். இந்தியாவில் அந்த நோய்க்கு முதல் பலி அவள்தான். செய்தி வந்த மறுநாள் பெற்றோர் எங்கள் பள்ளி வாசலில் நின்றார்கள். நான் தலைமை ஆசிரியர். என் கையில் ஒரு சுற்றறிக்கைகூட இல்லை. அவர்களிடம் என்ன சொன்னேன் என்று இன்று நினைவில்லை. ஒன்றும் சொல்லத் தெரியாமல் நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

அதைவிட என்னை வாட்டும் நிகழ்ச்சி வேறு. எட்டாம் வகுப்பில் ஒரு பையன். அவன் வீட்டில் பன்றி வளர்த்தார்கள். "பன்றிக் காய்ச்சல்" என்ற பெயர் பத்திரிகையில் வந்ததும் மற்ற பையன்கள் அவன் பக்கத்தில் உட்கார மறுத்துவிட்டார்கள். ஓர் ஆசிரியரே அவனைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார வைத்தார். பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அதற்குள் அவன் வருவதை நிறுத்திவிட்டான். நான் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டேன். அவன் அப்பா வாசலில் நின்றபடியே, "சார், எங்க பையனுக்குக் காய்ச்சலே இல்ல சார்" என்றார். அவன் திரும்பி வரவேயில்லை.

அந்த வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவியது. நன்கு சமைத்த பன்றி இறைச்சியைத் தின்றால் வராது. வீட்டில் பன்றி இருப்பதால் அந்தப் பையன் யாருக்கும் ஆபத்தானவன் அல்ல. இதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் நான் சொல்லியிருந்தால் போதும். சோப்பு, தெர்மாமீட்டர் வாங்குவதற்கு முன்பே ஒரு பள்ளி செய்ய வேண்டிய வேலை இது.

பீடிவீட்டுப்_பொண்ணு (செவ்வாய், மாலை 7.20)

ஹெச்.எம். சார், உங்க பதிவைப் படிச்சு அழுதுட்டேன்.

குடியாத்தம் அண்ணாவுக்கு ஒன்னு சொல்லணும். நான் பேரணாம்பட்டு. அம்மா பீடி சுத்தறாங்க. 2020 மார்ச்ல பள்ளியை மூடினப்போ என் தம்பி ஆறாவது. அவன் வகுப்புக்கு 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தாங்க. ஏறக்குறைய இருபது மாசம். வீட்டுல ஒரு செல்லு, அதுவும் அப்பாகிட்ட. டிவியில கல்வித் தொலைக்காட்சி ஓடும், கரண்ட் இருந்தா பார்ப்பான். மத்த நேரம் அம்மா பக்கத்துல உட்கார்ந்து பீடிக்கு நூல் கட்டுவான். திறந்தப்போ அவன் நேரா எட்டாவது, கூட்டி எழுதக்கூட தடுமாறினான். அப்புறம் இல்லம் தேடிக் கல்வி அக்கா ஒருத்தங்க சாயந்திரம் வந்து சொல்லிக் குடுத்துத்தான் கொஞ்சம் தேறினான்.

மூடவே கூடாதுன்னு சொல்ல வரல. எங்க வீட்டுல மூடறதுன்னா என்ன அர்த்தம்னு மட்டும் சொல்றேன். மதியச் சாப்பாடு இல்ல, முட்டை இல்ல, இப்போ காலைச் சாப்பாடும் சேர்த்து இல்ல. அரிசி, பருப்பு குடுத்தாங்க, உண்மைதான். ஆனா சுடச்சுட ஒரு தட்டுல சோறு போட்டு, முட்டை வெச்சு, "சாப்பிடு"ன்னு சொல்ல அங்க ஒரு ஆயா இருந்தாங்க.

குடியாத்தம்_அப்பா (செவ்வாய், இரவு 9.02)

தங்கச்சி, நீ சொல்றது புரியுது. என் வீட்டை மட்டும் நினைச்சு எழுதிட்டேன். ஆனா கேள்வி அப்படியே நிக்குது. மூடக்கூடாதுன்னா வேற என்ன செய்றது? என் சின்னவனை எப்படிக் காப்பாத்தறது? அக்கா, தடுப்பூசி போடலாமா? பி.எச்.சி.யில ஏன் எல்லாருக்கும் டெஸ்ட் எடுக்கறதில்ல?

விஎச்என்_அக்கா (புதன், காலை 5.50)

டெஸ்ட் பத்தி நிறைய பேர் எங்ககிட்ட சண்டைக்கே வர்றாங்க, அதனால அதை முதல்ல சொல்றேன். இந்தியாவுல ஃப்ளூ அறிகுறி உள்ளவங்களை ஏ, பி, சி ன்னு மூணு வகையாப் பிரிச்சுப் பார்க்கறாங்க. லேசான காய்ச்சல், இருமல், தொண்டை வலி இருந்தா ஏ. டெஸ்ட் வேண்டாம், வீட்டுல ஓய்வு, ரெண்டு நாள் கவனிச்சுப் பார்க்கணும். காய்ச்சல் ரொம்ப அதிகம், இல்லன்னா ஆஸ்துமா, இதய நோய், சர்க்கரை உள்ளவங்க, கர்ப்பிணிங்க, 65 வயசுக்கு மேல உள்ளவங்க இதெல்லாம் பி. அவங்களுக்கு டாக்டர் பார்த்து ஓசெல்டாமிவிர்ங்கற ஃப்ளூ மருந்து குடுப்பாங்க, முதல் 48 மணி நேரத்துல ஆரம்பிச்சா நல்ல பலன். மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாகறது, எழுப்பினாலும் எழுந்திரிக்காத தூக்கம், தண்ணிகூட குடிக்க மறுக்கறது, வலிப்பு இருந்தா சி. அவங்களுக்குத்தான் டெஸ்ட், அட்மிஷன். அந்த நேரத்துல வீட்டுல வெச்சுப் பார்க்காம 108ஐக் கூப்பிடுங்க. சந்தேகம் கேக்க 104 இருக்கு.

அண்ணா, உங்க சின்னவனுக்கு வீசிங் இருக்கறதால அவன் பி. அவனுக்குக் காய்ச்சல் வந்தா ரெண்டு நாள் பார்ப்போம்னு இருக்காதீங்க, முதல் நாளே காட்டுங்க. தடுப்பூசி இருக்கு, ஆனா அரசு அட்டவணையில இல்ல, வெளியிலதான் போடணும். வைரஸ் மாறிக்கிட்டே இருக்கறதால வருஷா வருஷம் போடணும். பிள்ளையைப் பார்க்கற டாக்டரைக் கேட்டு முடிவு பண்ணுங்க. புத்தம் புது வைரஸ் கிளம்பினா அதுக்கு ஊசி தயாராக ஏறக்குறைய ஆறு மாசம் ஆகும். அது வரைக்கும் கை கழுவறதும், ஜன்னலைத் திறந்து வைக்கறதும், காய்ச்சல் பிள்ளை வீட்டுல இருக்கறதும்தான் நம்ம கையில இருக்கற ஆயுதம்.

டீச்சர், எத்தனை பேர்னு கேட்டீங்க. சட்டமா ஒரு எண் சொல்ல மாட்டேன். என் ஏரியா பள்ளிகள்ல நான் சொல்லி வெச்சிருக்கறது இதுதான்: பள்ளியில ஒரே வாரத்துல மூணு பேர் காய்ச்சல், இருமல்னு வரலைன்னா எனக்கு ஒரு மெசேஜ் போட்டுடுங்க. ஒன்னுமில்லாமப் போனா எனக்கு ஒரு நடை, அவ்வளவுதான். முப்பது பேர் ஆன பிறகு சொன்னா நாங்க வந்தும் பெரிசா ஒன்னும் செய்ய முடியாது.

மலைப்பள்ளி_சார் (புதன், இரவு 8.45)

அணைக்கட்டு ஒன்றியம், ஜவ்வாது மலை மேல ஒரு உண்டு உறைவிடப் பள்ளியில இருக்கேன். டவர் கிடைக்கற இடத்துக்கு நடந்து வந்து இதை அனுப்பறேன்.

"காய்ச்சல்னா வீட்டுக்கு அனுப்புங்க"ன்னு எல்லாரும் எழுதறீங்க. எங்க பிள்ளைங்களுக்கு வீடு பூட்டியிருக்கும். அப்பா, அம்மா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருப்பாங்க. தாத்தா பாட்டி இருக்கற குக்கிராமத்துக்கு ரெண்டு மணி நேர நடை. மழை பெஞ்சா பாதையில மண் சரிஞ்சு கிடக்கும். ராத்திரி ஒரு ஹால்ல அறுபது பிள்ளைங்க வரிசையா பாய் போட்டுத் தூங்கும். ஒருத்தன் இருமினா அந்த வரிசையே இருமும்.

நாங்க செஞ்சதைச் சொல்றேன், யாருக்காவது உதவும். ஒருத்தன் தலைமாட்டுக்குப் பக்கத்துல அடுத்தவன் கால்மாடு வர்ற மாதிரி பாயை மாத்திப் போட்டோம். செலவே இல்ல, முகத்துக்கு முகம் தூரம் கிடைச்சுது. பழைய புத்தக அறையைக் காலி பண்ணி, ஜன்னலைத் திறந்து வெச்சு, நாலு பாய் போட்டோம். காய்ச்சல் பிள்ளைங்க அங்க. தனியா அடைச்சு வெச்சா பயந்து அழும், அதனால ஏற்கெனவே காய்ச்சல் வந்து தேறின பெரிய பையன் ஒருத்தன் துணைக்கு வாசல்ல படுப்பான். அவனோட அந்தப் பிள்ளைங்க கதை பேசிக்கிட்டே தூங்கிடும்.

கோவிட் நேரத்துல வந்த ஆக்சிமீட்டரை எடுத்துப் பார்த்தேன். பேட்டரி கசிஞ்சு வீணாப் போயிருந்தது. தெர்மாமீட்டர் ஒன்னு, அதுவும் உடைஞ்சு கிடந்தது. மூடிவெச்ச அலமாரியை யாரும் திறந்து பார்க்கலைன்னா தயாரா இருக்கோம்னு சொல்லிக்க முடியாது. இப்போ ஒவ்வொரு மாசமும் முதல் தேதி அந்த அலமாரியைத் திறக்கறேன்.

சத்துவாச்சாரி_ஆட்டோ (வியாழன், காலை 5.30)

வணக்கம்ங்க. நான் ஸ்கூல் ஆட்டோ ஓட்டறேன். காலையில அந்தப் பிள்ளைங்களை எல்லாருக்கும் முன்னாடி பார்க்கறவன் நான். எந்தப் பிள்ளை கண்ணு சிவந்திருக்கு, எது பேசாம சோர்ந்து உட்காருதுன்னு எனக்குத் தெரியும். ஆனா ஏத்த மாட்டேன்னு சொல்ல எனக்கு உரிமை கிடையாது, சொன்னா அடுத்த மாசம் வேற ஆட்டோ வெச்சுடுவாங்க. "காய்ச்சல் இருந்தா ஏத்த வேண்டாம்"னு பள்ளியே ஒரு சீட்டு எழுதிக் குடுத்தா நான் அதைக் காட்டிச் சொல்லுவேன். மழை வந்தா ரெண்டு பக்கமும் படுதாவை இழுத்துக் கட்டறோம், உள்ள காத்தே இல்ல. இனிமே ஒரு பக்கமாவது பாதி திறந்து வைக்கறேன்.

வேலப்பாடி_வாசகர் (வியாழன், காலை 8.10)

எங்க குடும்பக் குரூப்ல பச்சைக் கற்பூரத்தைத் துணியில கட்டி பிள்ளைங்க கழுத்துல போட்டா ஃப்ளூ அண்டாதுன்னு வந்திருக்கு. நிலவேம்புக் கஷாயம் பள்ளியிலயே குடுக்கச் சொல்லலாமே?

விஎச்என்_அக்கா (வியாழன், மதியம் 2.15)

கற்பூரம் வேண்டாங்க, தயவுசெஞ்சு அதை யாருக்கும் அனுப்பாதீங்க. சின்னப் பிள்ளைங்க எதையும் வாயில வைக்கும். கற்பூரம் கொஞ்சம் உள்ள போனாலே வலிப்பு வரும். நிலவேம்பை நம்பிக் குடிக்கறவங்களை நான் தடுக்கறதில்ல, வீட்டுல சித்த மருத்துவரைக் கேட்டுக் குடிங்க. ஆனா கஷாயம் குடுத்துட்டோம்னு காய்ச்சல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பறதும், மூச்சு வாங்கற பிள்ளையை வீட்டுலயே வெச்சிருக்கறதும் நடக்குது. பயம் எனக்கு அதுலதான்.

காட்பாடி_டீச்சர் (வியாழன், இரவு 10.00)

எல்லாருடைய பதிவையும் ரெண்டு தடவை படிச்சேன். நாளைக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். இதையெல்லாம் எழுதி எடுத்துட்டுப் போறேன். ஒன்னு மட்டும் எனக்கு விடை கிடைக்கல. காய்ச்சல் பிள்ளை வீட்டுல இருக்கணும்னு சொல்லிடலாம். அம்மா கூலிக்குப் போனா யார் பார்த்துக்கறது? பாட்டிகிட்ட விடச் சொல்லலாமா?

விஎச்என்_அக்கா (வியாழன், இரவு 10.40)

பாட்டிக்கு 65க்கு மேல இருந்தாலோ, சர்க்கரை இருந்தாலோ, வீட்டுல கர்ப்பிணி இருந்தாலோ யோசிச்சு விடணும் டீச்சர். பிள்ளைக்கு மூணு நாள்ல சரியாகிற காய்ச்சல் பாட்டியைப் படுக்க வெச்சுடும். வேற ஆளே இல்லைன்னா பாட்டி மாஸ்க் போட்டுக்கணும், வாசல் திண்ணையில காத்தோட்டமா உட்காரணும், தட்டு டம்ளர் தனியா வெச்சுக்கணும். முழுசா நல்ல பதில் என்கிட்டயும் இல்ல.

ஓய்வு_ஹெச்எம் (வெள்ளி, காலை 7.00)

டீச்சர் அம்மா, கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு சொல். "நூறு சதவீத வருகை"க்குப் பரிசு கொடுக்கும் வழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால், அதை நிறுத்தச் சொல்லுங்கள். நானே ஆண்டுதோறும் மேடையில் கொடுத்தவன். காய்ச்சலோடு வந்து அந்தச் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகள் எத்தனை பேரோ.

1986இல் சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளை வேலூர் சி.எம்.சி. ஆய்வகத்தில் சோதித்துத்தான் எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் வந்துவிட்டதை அறிந்தார்கள். அத்தகைய அறிவு இருக்கும் ஊர் இது. உங்கள் வகுப்பில் நெற்றி கொதிக்கும் பிள்ளைக்கு ஒரு பாயும் ஒரு தெர்மாமீட்டரும் இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை. செலவு என்னவென்றாலும் தனிப்பட எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.

காட்பாடி_டீச்சர் (அடுத்த வாரம் வியாழன், மாலை 5.25)

கூட்டம் நல்லபடியா முடிஞ்சுது. வந்தது பெரும்பாலும் அம்மாங்க. நான் பேசினதைவிட அவங்கதான் அதிகம் பேசினாங்க.

வருகைப்பதிவு நோட்டுல ஒரு கட்டம் சேர்த்துட்டோம். காய்ச்சல், இருமல்னா "கா". வேற காரணம்னா அதைச் சுருக்கமா எழுதறோம். பத்தரை மணிக்கு எல்லா வகுப்பு நோட்டும் ஒரு டீச்சர் கையில சேரும். இந்த மாசம் அது நான். சத்துணவு ஆயாவுக்குக் காய்ச்சல் வந்தா மறைக்காமச் சொல்லணும், அன்னைக்கு வேற ஆள் சமைக்கணும்னு முடிவாச்சு. வேலை போயிடுமோன்னு அவங்க பயந்தாங்க. போகாதுன்னு எங்க பள்ளி ஹெச்.எம். எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. எங்க ஸ்டாஃப்ல ஒரு டீச்சர் அஞ்சு மாசம், அவங்களைக் காய்ச்சல் பிள்ளைங்க பக்கம் விடறதில்லைன்னும் பேசிக்கிட்டோம்.

நூலக அறையில பாய் போட்டாச்சு. ஜன்னல் துருப்பிடிச்சுத் திறக்காம இருந்தது, ஒரு அப்பா வந்து எண்ணெய் போட்டுத் திறந்து குடுத்தார். ஹெச்.எம். சார் அனுப்பின தெர்மாமீட்டரும் வந்து சேர்ந்துடுச்சு சார், நன்றி. எங்ககிட்ட இருக்கறது நாலு குழாய், அதுலயும் காவிரித் தண்ணி வராத நாள் உண்டு. சோப்பு வெச்சா காணாமப் போகுதுன்னு சொன்னப்போ ஒரு அம்மா வெங்காயம் வர்ற வலைப்பை எடுத்துட்டு வந்து, சோப்பை அதுக்குள்ள போட்டுக் குழாயிலயே கட்டிட்டாங்க. இன்னைக்கு வரைக்கும் இருக்கு. தண்ணி டிரம்முல ஒரே டம்ளரை மாத்தி மாத்திக் குடிச்சதை நிறுத்திட்டோம்.

ஷூ கம்பெனி அம்மாங்க விஷயத்துல ஒரு அடிதான் நகர்ந்திருக்கோம். கம்பெனி கேட் நம்பரையும் சூப்பர்வைசர் நம்பரையும் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு வாங்கி ஸ்டாஃப் ரூம்ல எழுதி ஒட்டியிருக்கேன். கூலி போறதுக்கு என்னால ஒன்னும் செய்ய முடியல. "டீச்சர் எழுதிக் குடுத்தா சில சூப்பர்வைசர் அரை நாள் விடுவாங்க"ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. அதனால பள்ளி முத்திரையோட ஒரு கடிதம் அடிச்சு வெச்சிருக்கேன், பேரும் தேதியும் எழுதினாப் போதும். ஆட்டோ அண்ணா கேட்ட சீட்டும் அதே பேப்பர்ல அடிச்சாச்சு.

இன்னைய நிலவரம்: ஆறாம் வகுப்பு, 36க்கு 33. மூணு பேர்ல ரெண்டு "கா", ஒருத்தன் தாத்தா ஊருக்குப் போயிருக்கான். "கா" ரெண்டு வீட்டுக்கும் பேசிட்டேன். ஒருத்திக்கு மாத்திரை இல்லாமலே காலையிலேர்ந்து காய்ச்சல் இல்ல, நாளைக்கும் பார்த்துட்டு அனுப்பறேன்னு அவங்க அம்மா சொன்னாங்க. நாலாம் வகுப்புல ஒரு "கா". அவன் இவளோட தம்பி. மொத்தம் மூணு ஆச்சு, செவிலியர் அக்காவுக்கு மெசேஜ் போட்டுட்டேன்.

விஎச்என்_அக்கா (வியாழன், மாலை 5.50)

பார்த்துட்டேன் டீச்சர். காலையில ஒன்பது மணிக்கு வர்றேன்.